எடை குறைய வேண்டும் என்பதற்காகப் பாலை நிறுத்த வேண்டாம்

வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவருக்கு வயது 29, உயரம் 158 செ.மீ. சிசேரியனில் பிறந்த முதல் குழந்தைக்கு நான்கு மாதம் முடிந்திருக்கிறது. பெண் குழந்தை, தாய்ப்பால் மட்டும்தான். கர்ப்பமாவதற்கு முன் 58 கிலோ இருந்தவர், பிரசவத்துக்குப் போகும்போது 74 கிலோ. ஆறாவது வாரத்தில் 66-க்கு இறங்கியது. அதோடு சரி. போன வாரம் எடை பார்த்தபோது 68 காட்டியிருக்கிறது. "பால் கொடுத்தால் தானாக மெலிந்துவிடுவாய் என்றார்கள். எனக்கு மட்டும் ஏன் ஏறுகிறது?" என்று கேட்கிறார்.

இன்னும் இரண்டு மாதத்தில் வேலைக்குத் திரும்ப வேண்டும், அதற்குள் 10 கிலோ குறைக்க வேண்டும் என்பது அவர் திட்டம். வீட்டில் ஒருவர் "இரண்டு பேருக்குச் சேர்த்துச் சாப்பிடு" என்கிறார், தோழி ஒருவர் ஒரு வேளை மட்டும் சாப்பிடச் சொல்கிறார். தோழி சொன்னதைச் சில நாள் செய்து பார்த்திருக்கிறார். தலைசுற்றல் வந்தது, குழந்தையும் மார்பில் சிணுங்கியது, "பால் வற்றிவிட்டது போல" என்று பயந்து விட்டுவிட்டார். உடற்பயிற்சி செய்தால் பால் புளித்துப்போகும் என்று கேள்விப்பட்டதால் நடக்கவும் தயங்குகிறார். இப்போது பாலை நிறுத்திப் புட்டிப்பாலுக்கு மாற்றிவிட்டு, எடை குறைக்கும் மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கொள்ளலாமா என்ற யோசனையில் இருக்கிறார். மூலிகைப் பொடி ஒன்றும் வாங்கி வைத்திருக்கிறார், இன்னும் பிரிக்கவில்லை. கடிதத்தின் ஓரத்தில் சொல்வதுபோல, முடி கொட்டுவது, மலச்சிக்கல், மற்றவர்களுக்கு இல்லாத குளிர் தனக்கு மட்டும் அடிப்பது, சில நாள் காரணம் தெரியாமல் அழுகை வருவது என்று எழுதியிருக்கிறார். "எப்போது பழையபடி ஆவாய்?" என்று கணவர் கேட்டதையும் எழுதியிருக்கிறார்.

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் ஒன்று. மாத்திரை, ஊசி, பொடி மூன்றையும் தள்ளி வையுங்கள். பாலை நிறுத்தும் முடிவையும் தள்ளி வையுங்கள். நீங்கள் குறைக்க நினைப்பது நியாயமான எடைதான். உங்கள் உயரத்துக்கு 68 கிலோ என்றால் பிஎம்ஐ (உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் அளவு) 27 சொச்சம், அதாவது அதிக எடை என்ற வரம்புக்குள் வருகிறது. எனவே "பரவாயில்லை, அப்படியே விடுங்கள்" என்று நான் சொல்லப்போவதில்லை. பால் கொடுத்துக்கொண்டே இதைக் குறைக்க முடியும். ஆனால் இரண்டு மாதத்தில் 10 கிலோ முடியாது, அதற்கு முயலவும் கூடாது.

எடை ஏன் நின்றுபோனது

பிரசவத்தின்போது குழந்தை, நஞ்சுக்கொடி, பனிக்குட நீர், ரத்தம் என்று 5 முதல் 6 கிலோ ஒரே நாளில் இறங்கும். அடுத்த சில வாரங்களில் உடம்பில் தேங்கிய நீர் வெளியேறும், கருப்பை சுருங்கும். உங்களுக்கு ஆறாவது வாரத்தில் 8 கிலோ இறங்கியதில் பெரும்பகுதி இதுதான். அது கொழுப்பு கரைந்ததால் வந்த இறக்கம் அல்ல. அதற்குப் பிறகு மிஞ்சுவது சேமித்த கொழுப்பு. அது தானாகப் போகாது, மெதுவாகத்தான் போகும்.

பால் கொடுத்தால் மெலிவார்கள் என்பது பாதி உண்மை. தாய்ப்பால் மட்டுமே கொடுக்கும் தாய்க்கு நாளுக்குச் சுமார் 750 மில்லி பால் சுரக்கிறது. அதைத் தயாரிக்க உடம்பு ஏறக்குறைய 500 கலோரி செலவழிக்கிறது. இது சிறிய கணக்கு இல்லை. உங்கள் எடையில் உள்ள ஒருவர் வேகமாக நடந்து இதைச் செலவழிக்க வேண்டும் என்றால் ஒன்றரை, இரண்டு மணி நேரம் ஆகும். ஆனால் பால் சுரப்பு பசியையும் கூட்டுகிறது. செலவான 500-க்கு 600 உள்ளே போனால் எடை இறங்காது, ஏறத்தான் செய்யும். அதனால்தான் ஒரே அளவு பால் கொடுக்கும் இரண்டு பெண்களில் ஒருவர் மெலிகிறார், இன்னொருவர் மெலிவதில்லை. உங்கள் உடம்பு ஏதோ தவறு செய்கிறது என்று நினைக்காதீர்கள்.

இந்தக் கணக்கை வைத்தே உங்கள் திட்டத்தைப் பாருங்கள். பாலை நிறுத்தினால் அந்த 500 கலோரிச் செலவும் சேர்ந்து நின்றுபோகும். எடை குறைய வேண்டும் என்று எடுக்கும் முடிவு, எடை குறைய உதவும் ஒன்றையே கையை விட்டு அனுப்பிவிடும். திடீரென்று நிறுத்தினால் பால் கட்டிக்கொண்டு வலி, காய்ச்சல், மார்பில் அழற்சி வரலாம். ஏற்கெனவே அழுகை வரும் மனநிலையில் இருக்கிறீர்கள், திடீர் ஹார்மோன் மாற்றம் அதற்கும் நல்லதல்ல.

"இரண்டு பேருக்குச் சாப்பிடு" என்பதும் சரியல்ல. இன்னொரு முழு ஆளின் சாப்பாடு தேவையில்லை. செலவாகும் 500 கலோரியில் ஒரு பங்கை உடம்பு சேமித்த கொழுப்பிலிருந்தே எடுத்துக்கொள்ளும். எனவே முதல் ஆறு மாதத்தில் கூடுதலாகத் தேவைப்படுவது நாளுக்கு 330 கலோரி அளவுதான். அது ஒரு நல்ல சிற்றுண்டி, அவ்வளவே. எடை குறைக்க விரும்பும் உங்களுக்கு அதிலும் சிறிது குறைத்துக்கொள்ள இடம் இருக்கிறது.

உங்கள் ஒரு நாளைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்

"நான் சாப்பிடுவதே இல்லை டாக்டர், ஆனாலும் ஏறுகிறது" என்று எழுதிவிட்டு, ஒரு நாள் நடப்பையும் எழுதியிருக்கிறீர்கள். அதை எழுதியது மிக நல்ல காரியம். விடை அதற்குள்ளேயே இருக்கிறது.

காலை 5 மணிக்கு ஒரு தேநீர். காலை உணவு இல்லை. 11 மணிக்கு இன்னொரு தேநீர். மதியம் 2 மணிக்கு, குழந்தை தூங்கிய பிறகு அவசரமாகக் கொஞ்சம் சாப்பாடு. மாலையில் தேநீரும் எண்ணெயில் பொரித்த ஏதாவது ஒன்றும். இரவுச் சாப்பாட்டைத் தவிர்க்கிறீர்கள். அப்புறம் 12 மணி, 2 மணி, 4 மணி என்று குழந்தை எழும் ஒவ்வொரு தடவையும் ஒரு தேநீரும், கட்டில் ஓரத்தில் பிரித்து வைத்திருக்கும் பாக்கெட்டிலிருந்து மூன்று நான்கு பிஸ்கட்டும். ஒரு கையில் பிள்ளை, மறு கையில் பிஸ்கட்.

கூட்டிப் பார்ப்போம். சிறிய பிஸ்கட் ஒன்று 40 முதல் 50 கலோரி. ஓர் இரவில் பத்து சாப்பிட்டால் 400, 500 ஆகிவிடும். பால் சுரக்கச் செலவானது முழுவதும் பிஸ்கட்டிலேயே திரும்பி வந்துவிட்டது. நாளுக்கு ஆறேழு தேநீர், ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சர்க்கரை என்றால் சர்க்கரை மட்டும் 200 கலோரிக்கு மேல். பகலில் இரண்டு வேளை பட்டினி கிடந்து நீங்கள் மிச்சப்படுத்தியதை இரவு எடுத்துக்கொண்டுவிடுகிறது.

இதில் உங்களைக் குறை சொல்ல எதுவும் இல்லை. பகலில் உடம்புக்குக் கிடைக்காததை இரவில் அது கேட்டு வாங்குகிறது. இரவு 2 மணிக்குக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பசியோடு உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம் மன உறுதியைப் பற்றிப் பேசுவது அநியாயம். மாற்ற வேண்டியது பகல்தான்.

காலையில் எழுந்த ஒன்றரை மணி நேரத்துக்குள் புரதம் உள்ள உணவு ஒன்று கட்டாயம் வேண்டும். முட்டையோ பருப்போ பயறோ பாலோ எதுவானாலும் சரி. மதியமும் இரவும் முழுச் சாப்பாடு: தட்டில் பாதி காய்கறி, கால் பங்கு தானியம், கால் பங்கு பருப்பு, மீன், முட்டை, இறைச்சி இவற்றில் ஏதாவது ஒன்று. நாளுக்கு 65 முதல் 70 கிராம் புரதம் உங்களுக்குத் தேவை. ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு டம்ளர் பாலில் 7 கிராம் அளவு, வெந்த பருப்பு ஒரு கப்பில் 15 கிராம் அளவு என்று கணக்கு வைத்துக்கொண்டால், இரண்டு வேளை தவிர்ப்பவருக்கு இது எட்டாது என்று புரியும். இரவில் பசித்தால் சாப்பிடத்தான் வேண்டும். ஆனால் பிஸ்கட் பாக்கெட்டுக்குப் பதிலாகப் படுக்கும் முன்பே ஒரு பழமும் கையளவு கொட்டை வகையும் எடுத்து வையுங்கள், பக்கத்தில் ஒரு பாட்டில் தண்ணீர். தேநீரை நாளுக்கு இரண்டோ மூன்றோ ஆக்குங்கள், சர்க்கரையைப் பாதியாக்குங்கள். இரவில் தேநீர் வேண்டவே வேண்டாம், கிடைக்கும் கொஞ்சத் தூக்கத்தையும் அது கெடுக்கும்.

கலோரியை எண்ணிக்கொண்டே இருக்கச் சொல்லமாட்டேன். ஓர் அளவு தெரிந்திருக்கட்டும் என்று சொல்கிறேன்: உங்கள் வயது, உயரம், எடை, பால் சுரப்பு எல்லாம் சேர்த்தால் எடை மாறாமல் இருக்கத் தோராயமாக நாளுக்கு 2,400 கலோரி வேண்டும். 1,900, 2,000 அளவில் சாப்பிட்டால் எடை இறங்கும். 1,800-க்குக் கீழே போகாதீர்கள். அதற்குக் கீழே போனால் முதலில் சோர்வும் தலைசுற்றலும் வரும், சத்துக்குறைவு உங்களைப் பிடிக்கும், சிலருக்குப் பாலும் குறையும்.

இந்த வேகத்தில் வாரத்துக்கு அரை கிலோ வரை குறையும். 2000ஆம் ஆண்டில் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், அதிக எடை கொண்ட, தாய்ப்பால் மட்டும் கொடுக்கும் 40 பெண்களை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழு உணவில் நாளுக்கு 500 கலோரி குறைத்து, வாரத்தில் நான்கு நாள் உடற்பயிற்சியும் செய்தது. பத்து வாரத்தில் அவர்களுக்குச் சராசரியாக 4.8 கிலோ குறைந்தது. இரண்டு குழுவின் குழந்தைகளும் ஒரே மாதிரி வளர்ந்தார்கள். உங்கள் கையில் இருப்பது எட்டு வாரம். 3, 4 கிலோ குறைத்தால் அதுவே நல்ல வேகம். மொத்தம் 10 கிலோவுக்கு ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை வைத்துக்கொள்ளுங்கள். ஒன்பது மாதத்தில் ஏறியது இரண்டு மாதத்தில் இறங்க வேண்டும் என்று உங்களிடம் யார் கேட்டாலும் அது நியாயமில்லை.

பால் வற்றிவிட்டதா?

இல்லை என்றே நினைக்கிறேன். நான்காவது மாதத்தில் மார்பு மென்மையாகத்தான் இருக்கும். முதல் வாரங்களில் இருந்த கனமும் கசிவும் குறைந்தால், குழந்தைக்கு எவ்வளவு வேண்டும் என்று உடம்பு பழகிக்கொண்டுவிட்டது என்று பொருள். இந்த வயதுக் குழந்தைகள் சத்தம் கேட்டால் திரும்புவார்கள், வெளிச்சம் பார்ப்பார்கள், பால் குடிக்கும்போதே விட்டுவிட்டுச் சிணுங்குவார்கள். பசி தவிர அதற்கு எத்தனையோ காரணம் உண்டு.

பால் போதுமா என்று பார்க்க மார்பைத் தொட்டுப் பார்ப்பது சரியான வழி அல்ல. குழந்தையைப் பாருங்கள். ஒரு நாளில் ஆறு தடவையாவது நன்றாகச் சிறுநீர் போகிறதா, சிறுநீரின் நிறம் வெளிறியிருக்கிறதா, விழித்திருக்கும்போது சுறுசுறுப்பாக இருக்கிறாளா, எடை தன் வளர்ச்சிக் கோட்டிலேயே போகிறதா. நீங்கள் பட்டினி இருந்த நாட்களில் குழந்தையின் எடை நின்றுபோனதாகக் கடிதத்தில் இல்லை. ஆனாலும் இந்த வாரம் ஒரு தடவை எடை பார்த்து, வளர்ச்சி அட்டையில் குறித்துவிடுங்கள். நீங்கள் உணவை மாற்றும் முதல் ஒன்றிரண்டு மாதமும் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை பார்த்தால் போதும், நிம்மதியாக இருக்கலாம். சிறுநீர் குறைந்தாலோ எடை ஏறாமல் நின்றாலோ குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள், எடைக்குறைப்பையும் அன்றே நிறுத்துங்கள்.

பால் எவ்வளவு எடுக்கப்படுகிறதோ அவ்வளவு சுரக்கும். நீங்கள் அதிகம் சாப்பிடுவதால் அதிகம் சுரக்காது, குடம் குடமாகத் தண்ணீர் குடிப்பதாலும் சுரக்காது. தாகம் எடுக்கும்போது குடியுங்கள். பால் கொடுக்க உட்காரும்போது ஒரு டம்ளர் என்று வைத்துக்கொண்டால் சரியாக இருக்கும்.

இன்னொன்றும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அரைகுறையாகச் சாப்பிடும் தாயின் பாலும் பெரும்பாலும் நல்ல பாலாகவே இருக்கும், ஏனென்றால் உடம்பு தாயிடமிருந்து எடுத்துக் குழந்தைக்குக் கொடுத்துவிடும். கால்சியம் அப்படித்தான் போகிறது. பால் கொடுக்கும் மாதங்களில் தாயின் எலும்பின் அடர்த்தி 3 முதல் 5 சதவீதம் வரை குறைகிறது, பால் நிறுத்திய பிறகு திரும்பவும் நிரம்பிவிடுகிறது. வைட்டமின் பி12, அயோடின் போன்றவற்றின் கதை வேறு. தாயிடம் குறைந்தால் பாலிலும் குறையும். அசைவமே சேர்க்காதவர், அதிலும் பால் பொருட்களையும் தவிர்ப்பவர் என்றால் பி12 மாத்திரை பற்றி மருத்துவரிடம் கேட்டே ஆக வேண்டும். கர்ப்ப காலத்தில் சாப்பிட்ட இரும்பு, கால்சியம் மாத்திரைகளைத் தொடர வேண்டுமா என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

எடை பற்றி முடிவெடுக்கும் முன் ஒரு ரத்தப் பரிசோதனை

கடிதத்தின் ஓரத்தில் போகிறபோக்கில் எழுதியவைதான் எனக்கு முக்கியமாகப் பட்டன. நான்காவது மாதத்தில் முடி கொட்டுவது மட்டும் என்றால் கவலைப்படமாட்டேன். பிரசவத்துக்குப் பிறகு பல பெண்களுக்கு அந்தச் சமயத்தில் கொட்டும், தானாக நிற்கும். ஆனால் இறங்கிக்கொண்டிருந்த எடை திரும்ப ஏறுவது, மற்றவர்களுக்கு இல்லாத குளிர், மலச்சிக்கல், அசதி, மனச்சோர்வு எல்லாம் சேர்ந்து வரும்போது தைராய்டைப் பார்க்காமல் விடக்கூடாது. பிரசவத்துக்குப் பிந்தைய தைராய்டு அழற்சி ஏறக்குறைய 20 பெண்களில் ஒருவருக்கு வருகிறது. முதல் சில மாதம் தைராய்டு அதிகமாக வேலை செய்து, நான்கு முதல் எட்டு மாதத்துக்குள் குறைந்துபோகும். பிள்ளை பெற்ற அசதி என்று நினைத்துப் பலர் இதைக் கவனிக்காமலே விட்டுவிடுகிறார்கள்.

தைராய்டின் வேலையைக் காட்டும் டிஎஸ்எச் (தைராய்டு குறைந்தால் இது கூடும்), அதோடு ஹீமோகுளோபின், இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் மூன்றையும் பாருங்கள். தைராய்டு குறைவாக இருந்து மாத்திரை தேவைப்பட்டால், அதைப் பால் கொடுத்துக்கொண்டே சாப்பிடலாம், குழந்தைக்குக் கெடுதல் இல்லை. கர்ப்ப காலத்தில் சர்க்கரை இருந்ததா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்திருந்தால், பிரசவத்துக்குப் பிறகு 4 முதல் 12 வாரத்துக்குள் குளுக்கோஸ் குடித்துப் பார்க்கும் பரிசோதனை செய்திருக்க வேண்டும். விட்டுப்போயிருந்தால் இப்போது செய்துவிடுங்கள்.

காரணம் தெரியாமல் வரும் அழுகையையும் எடையின் மேல் போட்டுவிடாதீர்கள். எடை குறைந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டு வாரத்துக்கு மேலாக மனம் இப்படி இருந்தால், அது பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வாக இருக்கலாம், அதற்குத் தனியாகச் சிகிச்சை வேண்டும். பத்துக் கேள்விகள் கொண்ட எளிய படிவம் ஒன்றை வைத்து உங்கள் மருத்துவரே முதலில் பார்த்துவிடுவார். பேச்சு வழிச் சிகிச்சை இருக்கிறது, பால் கொடுக்கும்போது எடுக்கக்கூடிய மருந்துகளும் இருக்கின்றன. உங்களுக்கோ குழந்தைக்கோ ஏதாவது செய்துகொள்ளும் எண்ணம் ஒரு கணம் வந்தால்கூட, வீட்டில் ஒருவரிடம் உடனே சொல்லி அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

தொடக் கூடாதவை

- எடை குறைக்கும் ஊசி: செமாகுளுடைடு வகை மருந்துகள் பால் கொடுக்கும் காலத்துக்குப் பரிந்துரைக்கப்படுவதில்லை. மாத்திரை வடிவிலும் வேண்டாம். பசியை அடக்கும் மாத்திரைகளும், கொழுப்பை உறிஞ்சவிடாமல் தடுக்கும் மாத்திரைகளும் அப்படியே.

- மூலிகைப் பொடி: நீங்கள் வாங்கி வைத்திருக்கும் பொடியில் என்னென்ன இருக்கிறது என்று உறையில் முழுமையாக இல்லை என்கிறீர்கள். உள்ளே இருப்பது தெரியாத ஒன்று உங்கள் வழியாகக் குழந்தைக்குப் போக வேண்டாம். இப்படிப்பட்ட பல பொடிகள் பேதியாக்கித்தான் எடையைக் குறைத்துக் காட்டும், அது நீர் இழப்பு.

- கீட்டோ உணவும் நீண்ட பட்டினியும்: பால் சுரக்க குளுக்கோஸ் நிறைய வேண்டும். மாவுச்சத்தை அடியோடு நிறுத்திய, அல்லது பட்டினி கிடந்த பாலூட்டும் பெண்களுக்கு ரத்தத்தில் அமிலம் கூடி, அவசர சிகிச்சைப் பிரிவில் சேர்க்க வேண்டிய நிலை வந்ததை மருத்துவ இதழ்கள் பதிவு செய்திருக்கின்றன. அரிதானது, ஆனால் ஆபத்தானது. பட்டினியோடு வாந்தி, வேகமான மூச்சு, கடும் அசதி வந்தால் காத்திருக்கக் கூடாது. உங்களுக்குத் தலைசுற்றியதுமே அதை விட்டது நல்ல காரியம்.

நடக்கலாம், பால் புளிக்காது

மிதமான உடற்பயிற்சியால் பாலின் அளவும் குறையாது, சத்தும் மாறாது. மூச்சு வாங்க உச்சகட்டமாகப் பயிற்சி செய்தால் பாலில் லாக்டிக் அமிலம் கொஞ்ச நேரம் சிறிது கூடலாம், அதுவும் குழந்தைக்குக் கெடுதல் இல்லை. சிசேரியன் முடிந்து நான்கு மாதம் ஆகிவிட்டதால், தழும்பில் வலியோ பிரச்சினையோ இல்லையென்றால் இன்றே நடக்கத் தொடங்கலாம். பத்து நிமிடத்தில் ஆரம்பித்து, வாரத்துக்கு மொத்தம் 150 நிமிட வேக நடைக்குக் கொண்டு வாருங்கள். குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டே நடக்கலாம். கிளம்பும் முன் பால் கொடுத்துவிட்டால் மார்பு கனக்காது. நன்றாகத் தாங்கும் உள்ளாடை போடுங்கள், இறுக்கிப் பிடிப்பது வேண்டாம், பால் கட்டிக்கொள்ளும்.

வயிறு மட்டும் முன்னால் தள்ளி நிற்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, தலையை மட்டும் லேசாகத் தூக்கி, தொப்புளுக்கு மேலே விரல் வைத்துப் பாருங்கள். நடுவில் இரண்டு விரலுக்கு மேல் பள்ளமாக இடைவெளி தெரிந்தால் வயிற்றுத் தசைகள் இன்னும் சேரவில்லை. அப்போது படுத்து எழும் வயிற்றுப் பயிற்சிகளைத் தொடாமல், பிசியோதெரபிஸ்டிடம் காட்டி அதற்கான பயிற்சியைக் கற்றுக்கொள்ளுங்கள். எடை குறைந்தாலும் அந்த இடைவெளி தானாக மூடாது.

தூக்கம், அதோடு உங்கள் கணவரும்

எடையோடு தூக்கத்துக்கு என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். குழந்தைக்கு ஆறு மாதம் ஆகும்போது நாளுக்கு 5 மணி நேரமோ அதற்கும் குறைவாகவோ தூங்கிய தாய்மாருக்கு, 7 மணி நேரம் தூங்கியவர்களைவிட, ஒரு வருடம் முடியும்போது 5 கிலோவோ அதற்கு மேலோ எடை தங்கிவிடும் வாய்ப்பு கூடுதலாக இருந்ததை ஆய்வு காட்டியிருக்கிறது. தூக்கம் கெட்டால் இனிப்பின் மேலும் எண்ணெய்ப் பலகாரத்தின் மேலும் ஆசை வரும், நடக்கத் தெம்பு இருக்காது.

உங்கள் கணவரிடம் இந்தப் பகுதியைப் படிக்கக் கொடுங்கள். அவருக்குச் சொல்கிறேன்: இரவில் பால் கொடுக்க உங்களால் முடியாது, ஆனால் குழந்தையைத் தூக்கி வந்து கொடுப்பது, ஏப்பம் விட வைப்பது, டயப்பர் மாற்றுவது, தோளில் போட்டுத் திரும்பத் தூங்க வைப்பது எல்லாம் முடியும். இரவு 9 முதல் 1 மணி வரை குழந்தை உங்கள் பொறுப்பு என்று எடுத்துக்கொண்டு, பால் குடிக்க மட்டும் தாயிடம் கொண்டு வாருங்கள். முன்கூட்டியே எடுத்து வைத்த பாலிருந்தால் ஒரு வேளை நீங்களே கொடுக்கலாம். "எப்போது பழையபடி ஆவாய்" என்ற கேள்வியை இனி கேட்காதீர்கள். இந்தப் பெண் வயிற்றில் வெட்டுப்பட்டு, நான்கு மாதமாகத் தொடர்ந்து நான்கு மணி நேரம்கூடத் தூங்காமல், ஓர் உயிரைத் தன் உடம்பிலிருந்து வளர்த்துக்கொண்டிருக்கிறார்.

வேலைக்குப் போனால், பிறகு பாலை நிறுத்தினால்

வேலைக்குத் திரும்புவதற்காகப் பாலை நிறுத்தத் தேவையில்லை. மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை பம்ப் வைத்து எடுக்கலாம். எடுத்த பால் அதிக வெப்பம் இல்லாத அறையில் 4 மணி நேரமும், குளிர்பதனப் பெட்டியில் 4 நாளும் கெடாமல் இருக்கும். போவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே பழகிக்கொள்ளுங்கள். அதற்குள் குழந்தைக்கு ஆறு மாதமும் ஆகிவிடும், திட உணவு தொடங்கலாம்.

மாதவிடாய் வரவில்லை, அதனால் கருத்தடை பற்றிக் கவலையில்லை என்று எழுதியிருந்தீர்கள். குழந்தைக்கு ஆறு மாதம் ஆகாமல், மாதவிடாய் திரும்பாமல், இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே கொடுத்தால்தான் அந்தப் பாதுகாப்பு. மூன்றில் ஒன்று போனாலும் பாதுகாப்பு போய்விடும். வேறு முறை கேட்டு வாங்கும்போது உங்கள் எடைக் கவலையையும் சொல்லுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போடும் ஊசி சில பெண்களுக்கு எடையைக் கூட்டும், அதற்கு மாற்று முறைகள் இருக்கின்றன.

கடைசியாக, "எப்போதாவது பாலை நிறுத்தும்போது எடை ஒரேயடியாக ஏறிவிடுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நிறுத்துவதால் ஏறாது. ஆனால் அந்த 500 கலோரிச் செலவு நின்ற பிறகும் சாப்பாடு அதே அளவில் இருந்தால் மெல்ல மெல்ல ஏறும். குழந்தை திட உணவு அதிகமாகச் சாப்பிடத் தொடங்கிப் பால் குடிப்பது குறையக் குறைய, உங்கள் கூடுதல் சிற்றுண்டியையும் அதே வேகத்தில் குறைத்துக்கொண்டு வந்தால் போதும். எடையை வாரத்துக்கு ஒரு தடவை, ஒரே கிழமையில், காலையில் பாருங்கள். தினமும் ஏறி நிற்காதீர்கள், பால் சுரப்பில் தண்ணீர்க் கணக்கே ஒரு கிலோ முன்பின் ஆகும். ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் எனக்கு எழுதுங்கள். டிஎஸ்எச் கூடியிருந்தால், மேலே சொன்ன உணவுக் கணக்கை அதற்கேற்ப மாற்றிச் சொல்கிறேன்.